லின்ட் லவ்-ஆர் வாஷிங் மெஷின் ஃபில்டர்: இழைகளை உண்மையில் பிடிக்கிறதா?

6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண் பிளாஸ்டிக் இழைகள் உதிரலாம் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கணக்கிட்டார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் பிடித்தது கசடில் தங்கும். அந்தக் கசடு வயலுக்கு உரமாகப் போனால் இழைகளில் ஒரு பகுதி மழைநீரோடு ஆற்றுக்கே திரும்பிவிடலாம். அதனால் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்திலேயே மடக்குவது நல்லது.

மெஷினின் வடிகுழாயில் மாட்டும் ஒளி ஊடுருவும் உருளை, உள்ளே 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள ஸ்டீல் வலை. லின்ட் லவ்-ஆர் அவ்வளவுதான். துணி இழையின் தடிமன் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான், ஆகவே நெட்டுக்குத்தாக வரும் இழை நழுவிவிடும். வலைமேல் லேசாகப் பஞ்சு படிந்த பிறகுதான் பிடிப்பு கூடும். ஒவ்வொரு துவைப்புக்கும் பளிச்சென்று கழுவி வைப்பது வீண் வேலை.

2019-ல் டொராண்டோ ஆய்வாளர்கள் இந்த ஃபில்டரை மாட்டி ஃப்ளீஸ் (கம்பளிபோல் மென்மையான பாலியஸ்டர்) போர்வைகளைத் துவைத்துப் பார்த்தபோது, எண்ணிக்கையில் 87% இழைகள் குறைந்தன. 2020-ல் பிளிமத் குழு பருத்தி கலந்த துணியையும் சேர்த்து எடையில் அளந்தபோது 29% மட்டுமே. துணியும் வேறு, அளந்த விதமும் வேறு. 87% என்ற விளம்பர எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அதே 2020 சோதனையில் துணியை உள்ளே போட்டுத் துவைக்கும் கப்பிஃப்ரெண்ட் பை 54%, எக்ஸ்ஃபில்ட்ரா என்ற இன்னொரு ஃபில்டர் 78% பிடித்தன. டிரம்முக்குள் போடும் கோரா பால் என்ற பந்து 31% பிடித்தது.

பொருத்தும்போது உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மெஷின் கையேட்டில் வடிகுழாய்க்குச் சொன்ன உயர வரம்பைத் தாண்டி உருளையை மாட்டினால், பம்ப் திணறி டிரம்மில் தண்ணீர் தேங்கும். வெளியேறும் குழாய் சரிவாக இறங்க வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது. இணைப்புகளில் கிளாம்ப் இறுக்கிவிட்டு, முதல் துவைப்பு முடியும்வரை கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

உருளையில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறி நின்றால் வலை அடைத்துவிட்டது என்று அர்த்தம். வலையைக் கழற்றிப் பாதி காயவிடுங்கள். பஞ்சு சாம்பல் நிறத் தகடுபோல விரலோடு உரிந்து வரும். அது குப்பைத்தொட்டிக்குத்தான் போக வேண்டும். குழாயடியில் அலசினால் பிடித்த இழை முழுவதும் சாக்கடைக்கே போய்விடும், ஃபில்டர் வைத்ததே வீண்! சோப்புத்தூள் படிந்து வழுவழுப்பானால் வலையை வாளித் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பருத்தித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

டாப் லோடு மெஷினில் இழை அதிகம் உதிரும், அதை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஃபில்டர் பயன்படும். இரண்டு மூன்று ஃப்ளீஸ் உடைகள் மட்டுமே இருந்தால் கப்பிஃப்ரெண்ட் பை போதும்.