கஜாவில் அமுங்கிய ஜீப்பும் நான்கு மழைக்காலமும்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது எங்கள் மாட்டுக்கொட்டகை மேல் தென்னை ஒன்று சாய்ந்தது. உள்ளே பெரியப்பாவின் மஹிந்திரா எம்எம் 540 ஜீப் நின்றிருந்தது. கீற்றும் மூங்கிலும் அதை அப்படியே மூடிவிட்டன. தோப்பே விழுந்து கிடந்த நாட்களில் ஜீப்பை யார் நினைப்பார்கள்? இரண்டரை வருஷம் கழித்துக் கீற்றை அள்ளியபோது பானெட் மேல் கரையான் மண் ஏறியிருந்தது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தகட்டைக் காணோம், கீழே தரை தெரிந்தது.

"எடைக்குப் போட்ருப்பா" என்றார் பெரியப்பா. விதைநெல்லும் உர மூட்டையும் வருஷக்கணக்கில் சுமந்த வண்டி அது. எனக்கு மனசு வரவில்லை. 2021 பங்குனியில் வீட்டு வாசலிலேயே பிரிக்க ஆரம்பித்து, 2022 வைகாசியில் சாலைக்கு எடுத்தேன். நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் வேலை நிற்கும், அதனால்தான் இவ்வளவு இழுத்தது. அதன்பிறகு நான்கு ஐப்பசி வந்துபோய்விட்டது. பெயிண்ட் பளபளவென்று இருந்த முதல் மாதத்தில் இதை எழுதியிருந்தால் பாதி தவறாக எழுதியிருப்பேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. வேதாரண்யம் உப்பளத்துப் பக்கமிருந்தும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்தும் உப்புக்காற்று வரும். ஆனால் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது காற்று செய்த சேதத்தைவிடக் களிமண் செய்த சேதம்தான் அதிகம். இந்த மண் சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், மூலையில் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மேலே காய்ந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். பின்பக்கத் தட்டில் நான் எதிர்பார்க்காத இன்னொன்று தெரிந்தது. மூட்டை அடுக்கும் வலது மூலை மட்டும் சல்லடையாகிக் கிடந்தது. பொட்டாஷ் மூட்டை எப்போதும் அந்த மூலையில்தான் இருக்கும் என்று பெரியப்பா சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் வயலுக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதாவது அதுவும் ஓர் உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தியது மழை ஈரத்தில் கரைந்து தகட்டைத் தின்றிருக்கிறது. பழைய விவசாய ஜீப் வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்தத் தட்டின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

துரு எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய பரப்புகளுக்கு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தேன். கீல், பிராக்கெட், பெடல் மாதிரி சின்னச் சாமான்களுக்கு மின்சாரத் தொட்டி வைத்தேன். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் வாஷிங் சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர், அவ்வளவுதான். துருப்பிடித்த சாமானை நெகட்டிவிலும், வேண்டாத இரும்புக் கம்பியைப் பாசிட்டிவிலும் கட்ட வேண்டும். ஒரு ராத்திரி கழித்து எடுத்தால் துரு கறுப்புச் சேறாகிவிடும், பிரஷ்ஷால் துடைத்தால் போய்விடும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் சாமானை மட்டும் கட்டிவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சாகித் தண்ணீரில் இறங்கும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, நெருப்பு ஆகாது.

தரைத் தகட்டை வெட்டி 18 கேஜ் தடிமன் தகடு வைத்தோம். முதலில் வீட்டிலிருந்த ஆர்க் வெல்டிங்கில் முயன்றேன். பழைய மெல்லிய தகடு தொட்ட இடமெல்லாம் ஓட்டையானது. பிறகு பட்டறையிலிருந்து, மெல்லிய தகட்டுக்கு ஏற்ற சிஓ2 வெல்டிங் மெஷினோடு ஓர் அண்ணன் வந்து இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். நான் சேசிஸைப் பாதி கழுவிவிட்டு பிரைமர் டப்பாவைத் திறந்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, மண்ணு போவாம மேல பெயிண்ட் அடிச்சா துருவுக்குப் போர்வை போத்துன மாதிரி. உள்ள சொகமா வளரும்."

கேட்டேன், ஆனால் முழுதாகக் கேட்கவில்லை. சேசிஸ் கீழே தார் போன்ற கறுப்பு அண்டர்கோட்டிங்கைத் தடிமனாக அடித்தேன். பார்க்க உறுதியாக இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் பொத்தென்று சத்தம். சுரண்டினால் கறுப்பு ஏடு ஏடாகக் கழன்றது, அடியில் புதுத் துரு. எங்கோ ஒரு கல் பட்டுக் கீறிய இடத்தில் தண்ணீர் நுழைந்து, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பரவியிருக்கிறது. அந்தச் சித்திரை முழுவதும் அதைச் சுரண்டுவதிலேயே போனது. இப்போது பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றித் திரவம், அதன் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் சாதாரண பெயிண்ட், அவ்வளவுதான். தடிமனாக எதுவும் இல்லாததால் துரு கிளம்பினால் உடனே கண்ணில் படுகிறது. சேசிஸில் பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் மட்டும் மெழுகு ஸ்பிரே அடித்தேன். அதற்கு முன் அங்குள்ள வடிதுளைகளை சைக்கிள் பிரேக் கம்பியால் குத்தித் திறந்தபோது ஒரு பாண்டு மண் கொட்டியது. இந்த ஜீப்பில் செய்த வேலைகளிலேயே பலன் அதிகமாகக் கொடுத்தது அந்தத் துளைகளைத் திறந்ததுதான். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

பெயிண்ட் அடித்த மாதமும் முக்கியம். பாடியைப் பங்குனி வெயிலில் அடித்தோம், இன்றும் நன்றாக இருக்கிறது. பானெட்டை ஐப்பசியில், மழை விட்ட இடைவெளியில் அடித்தோம். ஈரத்தில் பால்போல் வெளுத்து, ஒரே வருஷத்தில் கொப்புளம் வந்தது. மறுபடி தேய்த்து வெயில் காலத்தில்தான் அடித்தேன். நிறம் பற்றி ஒன்று: ஜீப் என்றாலே ராணுவப் பச்சை அடிக்க ஆசை வரும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆலிவ் பச்சை ராணுவ வாகனங்களுக்கு மட்டும்தான். ஆர்சி புத்தகத்தில் இருந்த பழைய வெள்ளையையே நான் வைத்துக்கொண்டேன்.

ஆர்சி என்றதும் சொல்லிவிடுகிறேன், ஸ்பேனரைத் தொடும் முன் காகிதத்தைப் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. நான் அதற்குப் பிறகு போனதால் கூடுதலாகக் கட்டினேன்.

எஞ்சின் என்னைச் சிரமப்படுத்தவே இல்லை. பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல், 2112 சிசி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கின் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டு, கையால் சுற்றினேன், சுற்றியது. டேங்க் உள்ளே துரு இருந்ததால் நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். ஹீட்டர் பிளக் வயரை எப்போதோ யாரோ துண்டித்திருந்தார்கள். வெயில் ஊர்தானே என்று இந்தப் பக்கத்தில் பலரும் செய்வது அது. டீசல் முதலில் ஒரு சின்னச் சுழல் அறையில் எரியும் இதுபோன்ற பழைய எஞ்சினுக்கு மார்கழிக் காலையில் அது கண்டிப்பாக வேண்டும். மறுபடி இணைத்தபின் ஒரே செல்ஃபில் எழுந்துகொள்கிறது. கிடைக்காத பாகங்களுக்குத் திருச்சி, அங்கும் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை.

நான்கு சக்கர ஓட்டத்தைப் பற்றி. மழை பெய்த முள்ளியாற்றுக் கரையில், டிராக்டர் தடம் குழைந்து கிடக்கும்போது முன்சக்கரத்தையும் இணைத்தால் வண்டி ஊர்ந்து ஏறும் விதமே தனி. 2024 நவம்பர் கடைசி மழையில் வயலைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது மோட்டார் பம்பை ஏற்றிக்கொண்டு போக வேறு வண்டியால் முடியவில்லை. ஆனால் தார்ச்சாலை வந்ததும் இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி இது, மண்ணில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் அந்த முறுக்கு முழுவதும் கியரிலும் ஷாஃப்டிலும் ஏறும். என் நண்பர் ஒருவர் லீவரை மாற்ற முடியாமல் திணறியது இதனால்தான். கொஞ்சம் பின்னால் எடுத்ததும் விடுபட்டது.

பிரேக் நான்கும் டிரம். தண்ணீரில் இறங்கி ஏறினால் முதல் இரண்டு மிதி பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாக மிதித்துச் சூடேற்றிய பிறகுதான் வேகம். சேற்று வேலை முடிந்த வாரமே டிரம்மைக் கழற்றிக் கழுவுகிறேன். ஒரு வருஷம் சோம்பலில் விட்டேன், களிமண் இறுகி, பிரேக்கை அழுத்தித் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு ஒழுக ஆரம்பித்தன.

இதுவரை எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே ஆகியிருக்கிறது. லிட்டருக்குப் பத்து, பதினொன்று கிடைக்கிறது. 60-க்கு மேல் ஓட்டுவதில்லை. திருவாரூர் போய்வந்தால் இடுப்பு வலிக்கும், வயலுக்குப் போய்வந்தால் வலிப்பதில்லை. தினசரி சாலைப் பயணத்துக்கு இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். கரையும் வரப்பும் உள்ளவருக்குச் சொல்வேன், வருஷத்தில் இரண்டு வாரம் அதன் அடியில் படுக்கத் தயாராக இருந்தால்.

போன வாரம் கழுவும்போது பின்கதவின் இடது கீலுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கொப்புளம் பார்த்தேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் கை ஓயாது. அதற்குள் கீலைக் கழற்றிவிட வேண்டும்.