கோத்தகிரியில் ஐந்து நாள் சூழலியல் பெண்ணிய வகுப்பு: ஒரு மதிப்புரை

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காகக் கோத்தகிரிக்கு அருகே நடந்த, தங்கிப் படிக்கும் சூழலியல் பெண்ணிய வகுப்பில் சென்ற டிசம்பரில் கலந்துகொண்டேன். பெண்கள் ஒடுக்கப்படுவதையும் இயற்கை சுரண்டப்படுவதையும் சேர்த்துப் பார்க்கும் சிந்தனைதான் சூழலியல் பெண்ணியம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்தியவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் இரண்டு நாள்கள் வரலாற்றிலேயே கழிந்தன. 1974இல் பிரெஞ்சு நாட்டில் இச்சொல் பிறந்தது முதல், மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் காத்த இமயமலையின் சிப்கோ இயக்கம் வரை எல்லாம் திரையில் ஓடின. ஓரளவு படித்துவிட்டு வந்தவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை.

கட்டிய பணத்துக்குப் பலன் கிடைத்தது மூன்றாம் நாளில்தான். பெண்ணுக்கும் இயற்கைக்கும் பிறவியிலேயே உறவு உண்டு என்ற வாதத்தை மறுத்து, வேலைப் பிரிவினை, சொத்து, சாதி, வர்க்கம் ஆகியவையே அவ்வுறவை வடிவமைக்கின்றன என்று பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையைக் காலையில் வாசித்தோம். மாலையில் ஆசிரியை எங்களைச் சீகை (வாட்டில்) மரக் காட்டோரம் அழைத்துச் சென்றார். கொழுந்து பறித்துவிட்டு விறகோடு வந்த ஓர் அக்கா சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சோலை எனப்படும் இம்மலைக் காடும் புல்வெளியும் மீள வேண்டுமானால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையை அகற்றியாக வேண்டும் என்று எங்களில் ஒருவர் விளக்கினார்.

"வெட்டட்டும், வேண்டாங்கல. சமைக்க கேஸ் இருக்கு. இந்தக் குளிருல குளிக்கத் தண்ணி எதுல காய வைக்கறது?" என்றார் அக்கா.

மரத்தைக் கட்டிப்பிடித்துக் காக்கும் பெண்ணின் படத்தை முந்தின நாள்தான் திரையில் பார்த்திருந்தோம். இங்கே அந்தப் பெண்ணுக்கு வேண்டிய மரமே காட்டுக்கு வேண்டாத மரமாக இருக்கிறது. இரவு பத்து மணி வரை அதையே விவாதித்தோம். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை மாற்றி எழுத அதுவே காரணம்.

வாசிப்புத் தொகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது பெரிய குறை. தமிழ்வழியில் படித்து வந்த பாதிப்பேர் கலைச்சொற்களுக்குத் தமிழ் கேட்டபோது, "கருத்துதான் முக்கியம்" என்று கடந்துவிட்டார்கள். கூலியில்லா உழைப்பைப் பற்றி ஒரு முழு அமர்வு நடத்தியவர்களுக்கு, முக்கால் மணி நேரம் நின்று பேசிய அந்த அக்காவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எங்களுக்கும்தான் தோன்றவில்லை.

சாப்பாடு நன்று, அறைகள் ஈரக்குளிர். காலை ஐந்தரைக்கே ஆளுக்கொரு வாளி வெந்நீர் தயாராக இருந்தது. அடுப்பில் எரிந்தது சீகைதான் என்பதை நான்காம் நாள்தான் கவனித்தேன்.