ஓபியாய்டு பழக்கத்துக்கு மூன்று மருந்துகள்: கிளினிக் தூரமாக இருந்தால் எது?

மெத்தடோன், பியூப்ரனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன். ஓபியாய்டு (ஹெராயின், மார்பின் போன்றவை) பழக்கத்திலிருந்து மீள டாக்டர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான். நகரத்தில் இருப்பவர் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று பார்த்தால் போதும். கிராமத்தில் இருப்பவர் எத்தனை தடவை அலைய வேண்டும் என்றும் பார்க்கணும், என் தேர்வு முழுக்க அதை வைத்துத்தான்.

மெத்தடோன் பழைய கை. பல வருடம் அதிக அளவில் எடுத்தவர்களையும் தாங்கும், பாதியில் நின்றுவிடுபவர்களும் இதில் குறைவு. ஆனால் பல இடங்களில், ஆரம்பத்திலாவது, தினமும் மையத்துக்குப் போய் ஊழியர் கண்முன்னே குடிக்க வேண்டும். அப்புறம் வேலைக்கு எப்போது போவது? அளவு மீறினால் மூச்சு அடங்கும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம், அதனால் இதை வெறும் கெடுபிடி என்றும் தள்ள முடியாது.

என் முதல் தேர்வு பியூப்ரனார்ஃபின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கினால் பெரும்பகுதி வீண். ஒரு அளவுக்கு மேல் மூச்சை அடக்கும் வேகம் அதிகரிக்காது என்பதால் (மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இதை நம்பாதீர்கள்) பல இடங்களில் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளாமல் இருக்க நலாக்சோன் (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து) சேர்த்த வகையும் உண்டு. சிக்கல் முதல் டோஸில்தான்: உடம்பில் ஓபியாய்டு மிச்சம் இருக்கும்போதே போட்டால் வித்டிராயல் (போதை நின்றதும் வரும் உடல் அவதி) ஒரேயடியாகத் தாக்கும், "இந்த மருந்து எனக்கு ஆகாது" என்று சிலர் விட்டுவிடுவது அதனால்தான். வியர்வை, கொட்டாவி, நடுக்கம் எல்லாம் நன்றாகத் தெரியும்வரை பொறுத்து, போனிலாவது டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பல் கெடும் என்பதால் கரைந்தபின் வாயில் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். மாதம் ஒரு தடவை போடும் ஊசியாகவும் வந்துவிட்டது; மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மருந்துக்கடையில் போய் நிற்கவும் வேண்டாம். விலைதான் இடிக்கும்.

நால்ட்ரெக்ஸோன் ஊசியும் மாதம் ஒன்று, 380 மில்லிகிராம். மற்ற இரண்டும் ஓபியாய்டு, இது இல்லை என்பதால் வீட்டார் உடனே இதைத்தான் கேட்பார்கள். சரி, ஆனால் தொடங்குமுன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டைத் தொடாமல் இருக்க வேண்டுமே, பக்கத்தில் தங்கிச் சிகிச்சை பெற மருத்துவமனை இல்லாதவர் அதைத் தாண்டுவதே பெரும்பாடு. ஊசியை நிறுத்தியபின் பழைய அளவில் ஓபியாய்டு எடுத்தால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம். மாத்திரை வடிவத்தைப் பலரும் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் நலாக்சோன் மூக்கு ஸ்பிரே ஒன்று வீட்டில் இருக்கட்டும், ஆம்புலன்ஸ் வர நேரமாகும் இடத்தில் அது கட்டாயம். அப்புறம், மருந்து கடையில் இருக்கிறதா என்று டாக்டர் சீட்டு எழுதுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.