கரண்டா, சூடா, மசாஜ் கன்னா?

இடுப்புப் பிடிப்புக்கும் கழுத்து வலிக்கும் மதுரை வீடுகளில் இப்போது மூன்று பொருள்கள் போட்டி போடுகின்றன: கரண்டில் சூடேறும் ஹீட்டிங் பேட், பேட் ஒட்டிக் கரண்ட் வைக்கும் டென்ஸ் மெஷின், தசையைப் படபடவென்று இடிக்கும் மசாஜ் கன். நாலாவதாக அந்தப் பழைய ரப்பர் சுடுதண்ணீர்ப் பையும் பரணில் எங்காவது கிடக்கும். பெரியாஸ்பத்திரி இருக்கும் பனகல் ரோட்டுப் பக்கம் சர்ஜிக்கல் கடையில் கேட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார்கள். "யாருக்கு வாங்குறீங்க?" என்ற கேள்விதான் பெரும்பாலும் வராது. ஒப்பீட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

கரண்ட் என்றாலே ஒதுங்குகிறவர்கள், ஒத்தடம் என்றால் யோசிக்காமல் நம்புகிறார்கள். வீட்டில் சுகர்காரர் ஒருவர் இருந்தால் இந்த நம்பிக்கையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

முதலில் சூடு. நெடுநாள் பிடிப்புக்கும், வேலை செய்து இறுகிப்போன தசைக்கும் சூடு உண்மையிலேயே சுகம் தரும். ரத்த ஓட்டம் கூடும், இறுக்கம் தளரும். தோல் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 60 டிகிரி செல்சியஸ் என்றால் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். ஆனால் வெறும் 44 டிகிரியே ஆறு மணி நேரம் தொடர்ந்து இருந்தால் தீக்காயம் ஆகிவிடும். 44 டிகிரி என்பது தொட்டால் இதமான சூடுதான். ராத்திரி பேடை இடுப்புக்கடியில் வைத்துத் தூங்கிப்போகிறவருக்கு நடப்பது இந்த இரண்டாவது வகை. படுத்து அமுக்கினால் சூடு வெளியே போக வழியில்லாமல் தேங்கவும் செய்யும்.

சுகரால் கால் மரத்துப்போனவருக்குச் சுடுவதே தெரியாது. கொப்புளத்தைக் காலையில் கண்ணால் பார்த்தபிறகுதான் விஷயம் புரியும். அந்தப் புண் ஆறுவதும் லேசில் நடக்காது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் காலுக்கு எந்தச் சூட்டுக் கருவியும் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. தைலமோ வலி ஜெல்லோ தேய்த்துவிட்டு அதன்மேல் பேட் வைப்பதும் அப்படித்தான். தைலத்தின் எரிச்சலும் பேடின் சூடும் சேர்ந்தால் தோல் புண்ணாகும். தினமும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைப்பவர்களுக்கு வலை போட்டதுபோல் பழுப்புத் தழும்பு விழுவதும் உண்டு. அதைப் பார்த்தால் பேடுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டலாம்.

பேடா, பையா என்று கேட்டால், வயதானவர் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு பைக்குத்தான். பை தானாக ஆறிவிடும்; பேட் ஆறாது. சாதாரண சுவிட்ச் உள்ள பேட், கரண்ட் போய் நடுராத்திரியில் திரும்ப வரும்போது யாரையும் கேட்காமல் மறுபடி சூடேறும். பேடுதான் வேண்டும் என்றால் குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணையும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கி, 15 - 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அதை மடித்து வைக்கக் கூடாது. உள்ளே ஓடும் கம்பி முறியும். பையிலும் கவனம் தேவைதான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றாமல், முக்கால் பைக்குக் குறைவாக நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி வைக்க வேண்டும். ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். அப்புறம், இன்றைக்குச் சுளுக்கிய கணுக்காலுக்கு இரண்டுமே கூடாது. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ்தான். சூடு வீக்கத்தைக் கூட்டும்.

அடுத்தது கரண்ட். முதல் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர் உயிருள்ள மின்சார மீனைத் தலைவலிக்கும் மூட்டு வாதத்துக்கும் வைக்கச் சொல்லியிருக்கிறார் என்றால், இது ஒன்றும் புது மோகம் இல்லை. இன்றைய டென்ஸ் மெஷினுக்கு அடிப்படை, மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் முன்வைத்த வாசல் கோட்பாடு. தோலிலிருந்து போகும் தொடு உணர்ச்சி, முதுகுத்தண்டில் வலிச் செய்தியை மறித்துவிடுகிறது என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதும் இதே வழியில்தான். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடுபவை. மில்லி ஆம்பியர் கணக்கில்தான் கரண்ட் வரும். சார்ஜ் போட்டபடி உடம்பில் ஒட்டாமல் இருந்தால் போதும், வீட்டு லைன் கரண்ட் பயம் இல்லை.

ஆனால் இது வலியை மறைக்கும், காரணத்தைச் சரிசெய்யாது. பல பேருக்கு அணைத்த கொஞ்ச நேரத்தில் வலி திரும்பிவிடும். அதனால் ஒட்டிக்கொண்டு மூட்டை தூக்குவதோ பைக் ஓட்டுவதோ கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர் டாக்டர் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். யாராக இருந்தாலும் தொண்டைப் பக்கம், நெஞ்சின் குறுக்கே, தலை, புண், மரத்துப்போன தோல் ஆகிய இடங்களில் பேட் ஒட்டக் கூடாது. காய்ந்துபோன பழைய பேடை எச்சில் தொட்டு ஒட்டும் கெட்டிக்காரர்களையும் பார்க்கிறோம். ஓரம் தூக்கிக்கொண்டால் கரண்ட் முழுவதும் ஒட்டியிருக்கும் சிறு இடத்தில் குவிந்து சுருக்கென்று கடிக்கும், தோலும் புண்ணாகலாம். பேட் தீர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். பிய்க்கும் முன் மெஷினை அணைக்கவும் வேண்டும்.

ஒரே டப்பாவில் டென்ஸ், ஈ.எம்.எஸ். இரண்டும் வருவதுதான் குழப்பம். டென்ஸில் குறுகுறுப்பு வந்தால் போதும், தசை துடிக்க வேண்டியதில்லை. ஈ.எம்.எஸ். தசையைச் சுருக்குவதற்கென்றே உள்ளது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் மெலிந்த தொடைக்கு பிசியோதெரபிஸ்ட் அதைத்தான் பயன்படுத்துவார். தொப்பை கரைய அதை வயிற்றில் கட்டிக்கொள்வது காசுக்குக் கேடு. அளவு மீறி வைத்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மசாஜ் கன் பிறந்த கதையைச் சொன்னால் அதன் குணம் புரியும். ஜேசன் வெர்ஸ்லாண்ட் என்ற அமெரிக்க கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டுப் பிடிப்பைக் கையால் சரிசெய்பவர்) 2007-இல் பைக் விபத்தில் அடிபட்டு, மரம் அறுக்கும் ஜிக்சா மெஷினை மாற்றிக் கட்டித் தன் வலிக்கு வைத்துக்கொண்டார். நிமிடத்துக்கு ஈராயிரம், மூவாயிரம் இடி என்பது இந்த வகையில் சாதாரணம். ஜிம் போகிற பையனின் தொடைக்கும், மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஆரோக்கியமான ஆளின் தோள்பட்டைக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். சதைப் பகுதியில் மட்டும், அழுத்தாமல், ஒரு தசைக்கு ஒன்றிரண்டு நிமிடம். எலும்பு, முதுகுத்தண்டு, கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் தள்ளுபடி. கழுத்தில் வைத்து ரத்தக்குழாய் கிழிந்ததும், அளவு மீறி வைத்துத் தசை சிதைந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

துபாயிலிருந்து வரும் மகன் அப்பாவுக்கென்று பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது பெரும்பாலும் இதைத்தான். அப்பாவோ இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். அவர் உடம்பில் இந்த இடி ரத்தம் கட்டி நீலம் பாய வைக்கும். எலும்பு தேய்ந்த அம்மாவுக்கும் இது சரிப்படாது. மாசி வீதி ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்து, காலில் வெரிகோஸ் என்று ரத்தக்குழாய் புடைத்திருப்பவர்கள் கெண்டைக்காலில் இதை வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அது உள்ளே ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதன்மேல் இடித்தால் உறைந்தது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறது.

ஆகவே மகன் கேட்டால் நான் சொல்வது: கன் உனக்கு, அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இல்லை என்றால் டென்ஸ், அம்மாவுக்குச் சுடுதண்ணீர்ப் பை, அதுவும் கால் மரத்திராவிட்டால். இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி இவற்றுக்கு நான்கில் எதுவும் இல்லை. ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

டென்ஸ் வாங்கினால் டப்பாவைப் பிரித்த கையோடு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கொண்டுபோய் ஒருமுறை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே ஒட்டுவது, எதுவரை கூட்டுவது என்பது கூட வரும் தாளில் தெளிவாக இருக்காது. அவர் பேட் ஒட்டும் இடத்தைப் பேனாவால் முதுகில் குறிக்கச் சொல்லி செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், அடுத்த முறை ஒட்டிவிடும் பேரனுக்குக் குழப்பம் இருக்காது.