கையில் மிஞ்சும் பணம்: வீட்டுக் கடனை அடைப்பதா, முதலீட்டில் போடுவதா?

போனஸ் வந்திருக்கிறது, அல்லது வராது என்று விட்டுவிட்ட பாக்கி ஒன்று திரும்பி வந்திருக்கிறது. வீட்டுக் கடனோ ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பணத்தைக் கடனில் கட்டலாமா, முதலீடு செய்யலாமா என்று யாரிடம் கேட்டாலும் அடித்துச் சொல்கிற பதில்தான் வரும். ஒரு கட்சி, "கடனை முடி, அப்புறம்தான் மற்றதெல்லாம்" என்னும். எதிர்க் கட்சி, "பங்குச் சந்தையில் 12 சதவீதம் கிடைக்கும்போது 9 சதவீதக் கடனை யாராவது அவசரப்பட்டு அடைப்பார்களா?" என்று கேட்கும். இரு தரப்பும் கணக்கு காட்டுவார்கள். சிக்கலே அந்தக் கணக்கைக் காட்டும் விதத்தில்தான் இருக்கிறது.

கடன் 10 லட்சம், வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு மாறாது. மாதத் தவணை 8,997 வரும். முதல் தவணையில் 7,500 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 1,497தான். அசல் பாதியாகக் குறையவே 14 ஆண்டுகள் ஆகும்.

முதல் ஆண்டு முடிந்ததும் கூடுதலாக 1 லட்சம் கட்டிவிட்டு, தவணையை அப்படியே தொடர்கிறீர்கள். கடன் நான்கு வருடத்துக்கும் மேல் முன்னதாகவே முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 3.5 லட்சம். அதே 1 லட்சத்தை 15 ஆண்டு கழித்துக் கட்டினால், மிச்சம் 48,000 அளவில்தான் நிற்கும். கடைசிக் காலத்தில் கடனை அடைப்பது வீண் என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. உண்மையில் இரண்டு முறையும் அந்தப் பணம் சம்பாதித்தது அதே 9 சதவீதம்தான். முதலில் கட்டியது அதிக ஆண்டுகள் உழைத்தது, பிந்திக் கட்டியது சில ஆண்டுகளே உழைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்த் தரப்பின் கணக்கையும் பார்க்கலாம். அதே 1 லட்சத்தைக் கடனில் கட்டாமல், அதே 9 சதவீதத்தில் மீதி 19 ஆண்டுகளுக்கும் போட்டுவைத்தால் 5.49 லட்சமாகும். லாபம் ஏறக்குறைய 4.5 லட்சம். 3.5 லட்சத்தைவிட இது பெரிது, ஆகவே முதலீடே மேல் என்பார்கள். ஆனால் கடனை அடைத்தவருக்குக் கடைசி 50 மாதம் தவணையே கிடையாது. அந்த 8,997-ஐ மாதாமாதம் அவர் அதே 9 சதவீதத்தில் போட்டுவந்தால், 20-ஆம் ஆண்டு முடிவில் அவர் கையிலும் அதே 5.49 லட்சம்தான் இருக்கும். லட்சங்களை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. பார்க்க வேண்டியது வட்டி விகிதத்தை, அதுவும் வரி போனபின் மிஞ்சும் விகிதத்தை.

அப்படிப் பார்த்தால் வங்கி டெபாசிட்டுக்கு இந்தப் போட்டியில் இடமே இல்லை. 7 சதவீத டெபாசிட், அதன் வட்டிக்கு 20 சதவீத வரி என்றால் கைக்கு வருவது 5.6. வங்கிக்கு 5.6-க்குக் கடன் கொடுத்துவிட்டு அதே வங்கியிடம் 9-க்குக் கடன் வாங்குவதற்குச் சமம் இது. ஆனாலும் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் இதைத்தான் செய்கிறோம்! வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை இருக்கும் இடங்களில் அந்த 9 கொஞ்சம் இறங்கும். அதையும் கழித்துக்கொண்டே ஒப்பிட வேண்டும்.

பங்குச் சந்தை விஷயம் அவ்வளவு சுலபமில்லை. நீண்டகால சராசரி கடன் வட்டியைத் தாண்டக்கூடும்தான். ஆனால் கடனை அடைத்தால் கிடைக்கும் 9 உறுதியானது, சந்தையின் 12 எதிர்பார்ப்பு மட்டுமே. அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கு மேல் விழுந்தது, பழைய உயரத்தைத் தொட 2013 ஆனது. ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 இறுதியில் எட்டிய உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். சந்தை விழும் காலத்தில்தான் வேலைகளும் போகின்றன. கையிலிருக்கும் பங்கை நஷ்டத்தில் விற்றுத் தவணை கட்டும் நிலை வந்தால், அந்தச் சராசரி யாருக்கு உதவும்? பத்து ஆண்டுக்கு மேல் தொடாமல் விடக்கூடியவர், பாதியாக விழுந்தாலும் விற்காதவர் என்றால் சந்தைப் பக்கம் சாயலாம். மூன்று சதவீத வித்தியாசம் அந்தப் பதற்றத்துக்குப் போதுமா என்று கேட்டால், எனக்குப் போதாது. கடன் வட்டி 4, 5 என்று இருந்தால் நானும் முதலீட்டுக் கட்சிதான்.

கடனை அடைப்பதில் ஒரு பெரிய குறை உண்டு. கட்டிய பணம் சுவருக்குள் போய்விடும். நாளைக்கே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் செங்கல்லைப் பெயர்த்து விற்க முடியாது. ஆறு மாதச் செலவும் தவணையும் தனியாக இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீட்டுக்கே வர வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம், முதலில் அந்தப் பாக்கியை ஒழித்துக்கட்டுங்கள்.

சில வங்கிகள் கடனோடு இணைந்த கணக்கு ஒன்றைத் தருகின்றன. அதில் போட்டுவைக்கும் தொகைக்குச் சமமான கடனுக்கு வட்டி போடமாட்டார்கள், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். இதற்காக வட்டி விகிதத்தைச் சற்றே கூட்டுவதுண்டு. பெரிய தொகை நெடுநாள் அதில் கிடந்தால்தான் கட்டுபடியாகும்.

சரி, கட்டுவதென்று முடிவாகிவிட்டால், தவணையைக் குறைப்பதா காலத்தைக் குறைப்பதா என்று கேட்பார்கள். நம் உதாரணத்தில் தவணையைக் குறைத்தால் மாதம் 917 மிஞ்சும், மொத்த வட்டியில் மிச்சம் சுமார் 1.09 லட்சம்தான். அந்த 917-ஐயும் மாதாமாதம் கடனிலேயே திருப்பிக் கட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கட்டமாட்டோம், செலவாகிவிடும். அதனால் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் உண்டா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வட்டி நிலையாக உள்ள கடன்களில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.