காய்கறிப் பெட்டியா, பொதுச் சமையலறையா?

பக்கத்தில் விளைவதை அந்தந்தப் பருவத்திலேயே எல்லோர் தட்டுக்கும் கொண்டுவர இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று காய்கறிப் பெட்டி: பருவத் தொடக்கத்தில் விவசாயியிடம் பணம் கட்டிவிட்டால், வாராவாரம் விளைச்சலில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். மற்றது பொதுச் சமையலறை: அதே விளைச்சலை ஒரே இடத்தில் சமைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறுவது. எங்கள் குழு சமையலறையைத் தேர்ந்தெடுத்தது. இன்று யார் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

பெட்டியின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். விதைக்கும் முன்பே விவசாயி கையில் பணம் இருக்கும். மகசூல் குறைந்தால் நஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். ஜப்பானில் 1970களிலிருந்து 'தெய்கேய்' என்ற பெயரில் இது நடக்கிறது. அமெரிக்காவில் 1986இல் தொடங்கியது. அடுப்பு, பாத்திரம், சுகாதார அனுமதி என்று எந்தத் தொல்லையும் இல்லை.

ஆனால் முன்பணம் கட்ட முடியாதவர்கள் அதில் சேர முடியாது. தவணை, சலுகைக் கட்டணம் என்று சில குழுக்கள் இதைச் சரிசெய்கின்றன. அப்போதும் அடுப்பே இல்லாத அறையில் தங்கியிருப்பவருக்கும், காய் நறுக்கக் கை ஒத்துழைக்காத முதியவருக்கும், இரவு வேலை முடித்து வருபவருக்கும் பச்சைக் காய்கறியால் என்ன பயன்? அவர்களுக்குத் தேவை சமைத்த சாப்பாடு.

என்னை முடிவு செய்ய வைத்தது இன்னொரு விஷயம்: வரத்து குவியும் வாரங்கள். பருவம் உச்சத்துக்கு வந்தால் ஒரே காய் மலையாக வந்து இறங்கும். பெட்டி வாங்கும் வீட்டில் முதல் வாரம் சந்தோஷம், இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுக்குப் பாதி, மூன்றாம் வாரம் குப்பைத்தொட்டி. சமையலறைக்கோ குவியல்தான் வசதி. கூடை கூடையாக வரும் கீரை வெந்தால் ஒரு பாத்திரத்தில் அடங்கிவிடும். பூசணி ஒருநாள் சூப், மறுநாள் மசியல். வெடித்த தக்காளி, கோணல் கேரட் என்று கடைக்காரர் ஒதுக்குவதையும் வாங்கிக்கொள்ளலாம். பெரிய அடுப்பில் அழகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் பட்டியல் போட்டுவிட்டுக் காய் தேடினால், பருவம் தப்பிய காயைச் சந்தையில் வாங்குவதில்தான் போய் முடியும். எனவே நாங்கள் வடிவத்தை மட்டும் நிலையாக வைத்திருக்கிறோம்: ஒரு தானியம், ஒரு பருப்பு வகை, ஒரு கீரை, கொஞ்சம் புளிப்பு. காய்க்கான இடம் காலியாகவே இருக்கும். முந்தின நாள் மாலை விவசாயியிடம் "எது மிஞ்சிக் கிடக்கிறது?" என்று கேட்ட பிறகுதான் அது நிரம்பும். தானியமும் பருப்பும் உலர்ந்த சரக்கு என்பதால் மொத்தமாக வாங்கி வைக்கலாம். செலவு கட்டுக்குள் நிற்பது அதனால்தான்.

சரி, பணம்? அமெரிக்காவின் ரெட் பேங்க் ஊரில் 2011 முதல் நடக்கும் சோல் கிச்சனில் உணவுப் பட்டியலில் விலையே கிடையாது. முடிந்தவர் பணம் தரலாம், முடியாதவர் வேலையில் கைகொடுக்கலாம். அதே எண்ணத்தோடு 2010இல் தொடங்கிய பனேரா கேர்ஸ் கடைகள் 2019க்குள் எல்லாமே மூடப்பட்டன. ஆகவே இந்த முறை தானாக ஓடிவிடும் என்று நம்பக் கூடாது. ஆனால் பணம் தந்தவரும் காய் நறுக்கித் தந்தவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவது எனக்கு மிக முக்கியம். பெட்டியில் இதற்கு வழியில்லை.

சமையலறையின் பலவீனம் ஆள்பலம். சமைப்பதைவிடக் கீரை அலசுவதும் பாத்திரம் தேய்ப்பதும்தான் ஆளைச் சாய்க்கும். சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் வைக்க வேண்டும், மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் சேர்க்க வேண்டும். இதற்கென்றே ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். எங்களுடையது சிறிய குழு, தினமும் சமைப்பதில்லை. மூன்று வேளையும் நடத்துவதற்கு இதே ஏற்பாடு தாங்குமா என்பதை என் அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பகுதியில் பெரும்பாலானோருக்கு அடுப்பும் நேரமும் இருந்தால் பெட்டியே போதும். மற்றபடி சமையலறைதான். அப்புறம், பெட்டியின் முன்பண ஏற்பாட்டை மட்டும் விட்டுவிட மனமில்லை. அடுத்த பருவத்திலிருந்து சமையலறை நிதியிலிருந்தே விவசாயிக்கு விதைப்புக்கு முன் ஒரு தொகை கொடுக்கப்போகிறோம். அறுவடையின்போது அதைக் காய்கறியாகக் கழித்துக்கொள்வோம்.