மலத்தில் டிஎன்ஏ பார்ப்பதா, ரத்தம் பார்ப்பதா: டெல்டாக்காரருக்கு எது தோது?

"குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி எல்லாம் வேண்டாம்பா, டப்பாவில் பிடிச்சு அனுப்பினாலே குடல் கேன்சர் தெரிஞ்சிடும்" என்று அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் கோலோகார்டைத்தான். 2014 ஆகஸ்டில் அங்கே மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்ற மல டிஎன்ஏ டெஸ்ட் அது. இதற்குப் போட்டி, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும், நம்மூரிலேயே எடுக்கக்கூடிய ஃபிட் டெஸ்ட். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் குடியிருப்பவருக்கு என் ஓட்டு ஃபிட்டுக்குத்தான். ஆனால் கண்டுபிடிக்கும் திறனில் ஜெயிப்பது டிஎன்ஏ. அதை மறைப்பதற்கில்லை.

கட்டியிலிருந்து உதிரும் செல்களில் கேராஸ் மரபணுவின் பிழைகளையும், இன்னும் இரண்டு மரபணுக்களில் ஏறியிருக்கும் மெத்தில் என்ற வேதி அடையாளத்தையும் 2014இல் வந்த அந்த டிஎன்ஏ டெஸ்ட் தேடுகிறது. கூடவே ரத்தமும் பார்க்கிறது. ஃபிட் பார்ப்பது ரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினை, அதுவும் மனிதருடையதை மட்டும். ஏறக்குறைய 10,000 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட 2014 ஆய்வில் 65 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. டிஎன்ஏ 60 பேரைப் பிடித்தது, ஃபிட் 48 பேரை. குடலின் உட்சுவரில் முளைத்து, புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்களில் டிஎன்ஏ 42.4 சதவீதம், ஃபிட் 23.8 சதவீதம். பதிலுக்கு, நோய் இல்லாதவர் 100 பேரில் சுமார் 13 பேரை டிஎன்ஏ வீணாகப் பயமுறுத்தியது. ஃபிட் சுமார் 5 பேரை. வயது ஏற ஏற டிஎன்ஏவின் இந்தப் பொய் அலாரம் கூடும். எல்லாம் வட அமெரிக்க மக்களிடம் எடுத்த கணக்கு. நம் ஜனங்களுக்கு அப்படியே ஒட்டிப் பார்க்கக் கூடாது.

இனி மாதிரியின் பயணம். என் முடிவு இதை வைத்துத்தான்.

டிஎன்ஏவுக்கு முழு மலமும் வேண்டும். கமோடில் சட்டம் மாட்டி, அதில் டப்பாவைப் பொருத்தி, சிறுநீர் படாமல் பிடிக்க வேண்டும். மலத்தில் ரத்தம் பார்ப்பதற்குக் குச்சியால் அதில் கொஞ்சம் சுரண்டித் தனிக் குழாயில் போட்டுவிட்டு, மீதியின் மேல் பாதுகாப்புத் திரவம் முழுவதையும் ஊற்றி மூட வேண்டும். குத்துக்கால் போட்டு உட்காரும் கக்கூஸில் அந்தச் சட்டத்துக்கு இடமே இல்லை. 2014 கோலோகார்டுக்குப் பிடித்த மலம், எடுத்த 72 மணி நேரத்துக்குள் அமெரிக்க லேபில் இருக்க வேண்டும். ஆகவே வரும்போது பெட்டியில் கிட்டை வாங்கி வரச் சொல்வது வீண். உள்நாட்டில் வேறு லேப் டிஎன்ஏ பார்த்தாலும், எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த மரபணுக்களைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் டெஸ்ட் ஒன்றல்ல. வேதாரண்யத்தில் சனிக்கிழமை காலை பிடித்தது, ஞாயிறு கூரியர் இல்லாவிட்டால், திங்கள் காலை கிளம்புவதற்குள்ளேயே 48 மணி நேரத்தைத் தின்றுவிடும். மேலே சொன்ன ஆய்விலேயே மாதிரிச் சிக்கலால் டிஎன்ஏ முடிவு கிடைக்காதவர்கள் 689 பேர். ஃபிட்டில் 34 பேர்.

ஃபிட்டுக்குக் குச்சியின் பள்ளத்தில் ஒட்டும் அளவு போதும். பேசினில் தண்ணீர் விடாமல், ஃபீனாயில் வாடை இல்லாமல், பழைய நியூஸ்பேப்பரை இரண்டு மடிப்பாக விரித்து அதன் மேல் போகலாம். மேல்பரப்பில் ஐந்தாறு இடத்தில் குச்சியை இழுத்துக் குழாயில் செருகி, 'டக்' என்று மூட வேண்டும். அள்ளி அடைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அளவு கூடினால் முடிவும் பொய்யாக ஏறும். பெயர், தேதி, நேரம் எழுதி அன்று காலையே லேபில் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் மூலத்தில் ரத்தம் கசியும்போதும் எடுக்க வேண்டாம்.

ஃபிட்டின் எதிரி வெயில். சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்து, இருக்கும் ரத்தம் இல்லை என்று வரும். இத்தாலியின் ஃபுளோரன்ஸில் பார்த்ததில், குளிர்காலத்தைவிடக் கோடையில் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவு. அவர்கள் கோடையே அப்படியென்றால் நம் அக்னி நட்சத்திரத்தில் டூவீலர் டிக்கியில் இரண்டு மணி நேரம் கிடந்த குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பொங்கல் முடிந்த வாரம் என்று வருஷா வருஷம் வைத்துக்கொண்டால் வெயிலும் தணிந்திருக்கும், தேதியும் மறக்காது. ஒரு வருஷம் பிடிபடாதது அடுத்த வருஷம் பிடிபடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஃபிட் நிற்கிறது. விட்டு விட்டு எடுப்பவராக இருந்தால், பெருநகரத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிஎன்ஏ எடுப்பவரே மேல்.

லேபில் வெறுமனே "ஆக்கல்ட் பிளட்" (மறைந்திருக்கும் ரத்தம்) டெஸ்ட் என்று கேட்காதீர்கள். பழைய ரசாயன முறையாக இருந்தால் முந்தின நாள் சாப்பிட்ட ஆட்டு ரத்தப் பொரியலும் பாசிட்டிவ் காட்டும். வைட்டமின் சி மாத்திரை உண்மையான ரத்தத்தையே மறைத்துவிடும். 'மனித ஹீமோகுளோபினை மட்டும் பார்க்கும் கிட்டா?' என்று கேட்டு, அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஃபிட்டுக்குப் பத்தியம் கிடையாது.

எதில் பாசிட்டிவ் வந்தாலும் அடுத்தது கொலனோஸ்கோபிதான். "இன்னொரு தடவை ஃபிட் பார்ப்போம், நெகட்டிவ் வந்தால் சரி" என்பதுதான் பெரிய தப்பு. பாசிட்டிவுக்குப் பிறகு 10 மாதத்துக்கு மேல் தள்ளிப்போனவர்களிடம் நோய் முற்றிய நிலையில் கிடைப்பது அதிகம்.

மலத்தில் கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர், காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்து சோகை உள்ளவர், அப்பா அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல் புற்று வந்தவர், இவர்களுக்கு இரண்டு டெஸ்டுமே இல்லை. "மூலம்தான்" என்று துத்திக்கீரையோடு நிறுத்திக்கொள்ளாமல் நேரே குடல் டாக்டரிடம் போக வேண்டும்.